தசை நோயோடு பெரிய பாதை: நான் செய்த, நீங்கள் செய்யக் கூடாத தவறுகள்

எருமேலியில் பேட்டை துள்ளி, பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, கரிமலை என்று காட்டுக்குள் நடந்து பம்பைக்கு வந்து, அங்கிருந்து நீலிமலை ஏறி சபரிமலை சன்னிதானம் சேர்கிற பெரிய பாதை 40 கிலோமீட்டருக்கு மேல் வரும். நல்ல உடம்புக்காரர்களே கரிமலையில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவார்கள். எனக்கு மெக்கார்டில் நோய் இருக்கிறது. இந்தப் பாதையில் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை பம்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன், அடுத்த இரண்டு முறை நடந்தே போய் ஐயனைப் பார்த்தேன். இடையில் என் தசையில் ஒன்றும் மாறவில்லை, நடக்கிற விதம்தான் மாறியது.

இந்த நோய் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறுகள் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன. நாம் சாப்பிடுகிற மாவுச்சத்தில் ஒரு பங்கைத் தசை கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. திடீரென்று ஓடவோ தூக்கவோ வேண்டியிருந்தால் அதை உடைத்துத்தான் சக்தி எடுக்கும். உடைக்க வேண்டிய நொதி எங்களுக்கு இல்லை. பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது, சாவிதான் இல்லை. பிரையன் மெக்கார்டில் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1951இல் இதை விவரித்தார். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். சுமார் லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள். அதனாலேயே பலருக்கு முப்பது, நாற்பது வயதுக்கு மேல்தான் பெயர் தெரிய வருகிறது, அதுவரை "சோம்பேறி" என்ற பெயரோடு காலம் போகும். எனக்கு ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் அதிகமாக இருந்ததைப் பார்த்து இரண்டு வருடம் கல்லீரலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த இரண்டும் தசையிலிருந்தும் கசியும். தசை உடைவதைக் காட்டுகிற சி.பி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும்.

முதல் தவறு, தசை நோய் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது. நான் கீழே சொல்வதில் பாதி மெக்கார்டிலுக்கு மட்டும் பொருந்தும். சி.பி.டி.2 குறைபாடு என்று இன்னொன்று இருக்கிறது, அவர்களுக்குக் கொழுப்பை எரிப்பதில்தான் சிக்கல். எங்களுக்கு முதல் பத்து நிமிடம் கஷ்டம் என்றால் அவர்களுக்கு மணிக்கணக்கில் நடந்த பிறகுதான் ஆபத்து, அதிலும் வெறும் வயிறு, குளிர், காய்ச்சல் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். பெக்கர் வகைத் தசைச்சிதைவில் இதயத் தசையும் பலவீனமாகலாம். மயோடோனிக் வகையில் இதயத் துடிப்பைக் கடத்துகிற பாதையிலேயே தடை வரலாம். பாம்பே (Pompe) நோயில் மூச்சுத் தசைகள் தளரும். அதனால் உங்கள் நோயின் சரியான பெயரும், இ.சி.ஜி.யும் எக்கோவும் பார்த்த நரம்பியல் மருத்துவரின் சம்மதமும் கையில் இல்லாமல் மாலை போடாதீர்கள். "எனக்கு ஏதோ தசை வீக்னஸ்" என்கிற அளவில் தெரிந்துகொண்டு அந்தக் காட்டுக்குள் போவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்தது, மறைப்பது. முதல் முறை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாமிக்கு மாலை போட்டுக்கொண்டு உடம்பு முடியாது என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம். எருமேலியில் உடம்பெல்லாம் வண்ணம் பூசி, சரக்கோலைப் பிடித்துக்கொண்டு, கொட்டுக்கு எல்லோரோடும் குதித்து ஆடினேன். ஆடி முடித்த கையோடு வாவர் பள்ளியை வலம் வந்து, இளவட்டச் சாமிகளின் வேகத்தில் நடக்கத் தொடங்கினேன். மெக்கார்டில் உள்ளவன் செய்யவே கூடாத இரண்டு காரியத்தையும் முதல் அரை மணி நேரத்தில் செய்து முடித்திருந்தேன். இரண்டாவது முறை குருசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் என்னை வரிசையின் முன்னால் நிறுத்தி, "இந்தச் சாமி நடக்கிறதுதான் நம்ம வேகம்" என்றார். பேட்டை துள்ளலில் நான் ஆடவில்லை, சரணம் சொல்லிக்கொண்டு மெல்ல நடந்தேன், அவ்வளவுதான். சொல்லாமல் போனால் கூட்டத்தின் வாலில் தனியாக மாட்டிக்கொண்டு, பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் விரட்டி விரட்டி நடப்போம், அந்த விரட்டல்தான் தசையை உடைக்கிறது.

இப்போது வேகத்துக்கு வருவோம், இதில்தான் எல்லாமே இருக்கிறது. நடக்கத் தொடங்கியதும் தசை முதலில் தன் பத்தாயத்தைத்தான் தேடும், கிடைக்காது. கல்லீரல் அனுப்புகிற சர்க்கரையும் கொழுப்பும் ரத்தத்தில் வந்து சேர 8 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை தொடை கனக்கும், இதயம் படபடவென்று அடிக்கும், சமதளத்தில் நடந்தால்கூட அப்படித்தான். அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுமையாகக் கடந்துவிட்டால் திடீரென்று கால் இலகுவாகும், படபடப்பு இறங்கும். மருத்துவர்கள் செகண்ட் விண்ட் என்று சொல்வது இதைத்தான். முதல் முறை இதை உணர்ந்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பல பேர் இந்த இடத்தை எட்டுவதற்கு முன்பே "என்னால் முடியாது" என்று திரும்பிவிடுகிறார்கள், இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்கு மேலே நடந்து தசையைக் கிழித்துக்கொள்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். வலி தொடங்குகிறது என்று தெரிந்த உடனே நில்லுங்கள், அரை நிமிடம், ஒரு நிமிடம், வலி முழுக்க அடங்கட்டும். அப்புறம் நடங்கள். மறுபடி வந்தால் மறுபடி நில்லுங்கள். முதல் பத்து நிமிடத்தில் பத்து முறை நின்றாலும் பரவாயில்லை.

ஆனால் நிற்பது வேறு, உட்கார்ந்துவிடுவது வேறு. கடை கண்ட இடமெல்லாம் அரை மணி நேரம் சாய்ந்துவிட்டால் கிடைத்த செகண்ட் விண்ட் போய்விடும், எழுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவும் உடனே ஏற்றம் இருக்கிற இடத்தில் நீண்ட ஓய்வு எடுத்தால் அந்தக் கஷ்டமான பத்து நிமிடம் ஏற்றத்தில் வந்து விழும். அழுதையில் குளித்துக் கல் எடுத்த கையோடு அழுதை மேடு தொடங்குகிறது, அங்கே இந்தத் தவறு மிகச் சுலபமாக நடக்கும். நான் குளித்த பிறகு ஆற்றங்கரையிலேயே பத்து நிமிடம் சமதளத்தில் முன்னும் பின்னும் நடந்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

சரி, ஏற்றத்தில் எது சரியான வேகம் என்று எப்படித் தெரியும்? சரணம்தான் அளவுகோல். "கல்லும் முள்ளும் காலுக்கு மெத்தை" என்று ஒருவர் சொல்ல, "சாமியே ஐயப்போ" என்று முழுக் குரலில் உங்களால் பதில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. சரணம் பாதியில் முறிந்தால் நீங்கள் உடம்பு தாங்குவதைவிட வேகமாகப் போகிறீர்கள், இன்னும் சின்ன அடியாக வையுங்கள். கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு பார்க்கிற வசதி இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டாலும் சரணம் ஏமாற்றாது.

இருமுடியை மறந்துவிடாதீர்கள். தலையில் வைத்து ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பது பார்க்கச் சின்ன விஷயம். எங்களுக்கு அது காலைவிடப் பெரிய ஆபத்து. அசையாமல் இறுக்கிப் பிடிக்கிற தசைக்கு ரத்த ஓட்டம் குறையும், ரத்தம் வராவிட்டால் சர்க்கரையும் கொழுப்பும் வராது, ஒரு சில நிமிடத்திலேயே தோளும் முன்கையும் பூட்டிக்கொள்ளும். எனக்கு முதல் பயணத்தில் விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. நல்ல சும்மாடு கட்டி, இருமுடி தானாக நிற்கிற மாதிரி வைத்து, கையை அடிக்கடி மாற்றித் தொங்கவிட்டு உதறுங்கள். பின்முடியில் தேவைக்கு மேல் அரிசியும் அவலும் திணிக்காதீர்கள். தோள்பையை வேறொரு சாமியிடம் கொடுங்கள், கூச்சப்பட வேண்டாம். கூட்டத்தில் தடுப்புக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பதும், பாறையைக் கையால் பற்றி உடம்பை மேலே இழுப்பதும் இதே வகைதான்.

விரதத்தில் நடக்கிற தவறு ஒன்று உண்டு. ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது, விடிகாலை 4 மணிக்குக் குளித்து வெறும் வயிற்றோடு நடையைத் தொடங்குவது. எங்கள் கல்லீரல் நன்றாகவே வேலை செய்கிறது, அதில்தான் நாங்கள் நம்பி இருக்கிற சர்க்கரை இருக்கிறது. இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் அந்த இருப்பும் கரைந்துவிடும். முந்தின இரவு பலகாரத்தோடு நிறுத்தாமல் சாதமோ இட்லியோ வயிறாரச் சாப்பிடுங்கள், கிளம்பும் முன் ஏதாவது சாப்பிடுங்கள், இடுப்பில் வெல்லமும் கடலை மிட்டாயும் இருக்கட்டும். மெக்கார்டில் நோயாளிகளுக்கு நடப்பதற்கு முன்னால் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் முதல் நிமிடங்கள் எளிதாகின்றன என்று 2003இல் வந்த ஆய்வு காட்டியது. அப்போது கொடுத்தது 75 கிராம். பிறகு செய்ததில் 5 நிமிடத்துக்கு முன் 37 கிராம் போதும், அதுவே இன்னும் நல்லது என்று தெரிந்தது, கிட்டத்தட்ட ஒன்பது டீஸ்பூன். நான் இதை நாள் முழுக்கச் செய்வதில்லை, அழுதை மேட்டுக்கும் கரிமலைக்கும் நீலிமலைக்கும் முன்னால் மட்டும். தினமும் பழகிவிட்டால் எடை ஏறும், ஏறின எடையையும் நாம்தான் மலை மேல் தூக்க வேண்டும். சர்க்கரை நோயும் இருக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

பயிற்சி இல்லாமல் போவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மண்டல விரதம் 41 நாள் இருக்கிறது, தினமும் முக்கால் மணி நேரம் மெதுவாக நடந்தாலே உடம்பு கொழுப்பை எடுத்துக்கொள்ளப் பழகும். ஜிம்முக்குப் போய் பளு தூக்கி "தசையை வளர்த்துக்கொண்டு" போகலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். தசைச்சிதைவு உள்ளவர்கள் எவ்வளவு நடக்கலாம் என்பதை அவர்களுடைய பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

கரிமலை ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், இறக்கத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். உண்மையில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கிற வேலை அது, தசை நார் அதிகம் அறுபடுவது அப்போதுதான். தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு இது இன்னும் கெடுதல். இரண்டு கையிலும் கம்பு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். பாதம் தொங்குகிறவர்கள் வெறுங்காலோடு வேர்களுக்கு நடுவே நடக்க வேண்டாம், குருசாமியிடம் சொல்லிவிட்டு பிரேஸும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள்.

தசை பூட்டிக்கொண்டால் கூட இருக்கிறவர்கள் அன்போடு ஓடி வந்து காலை இழுத்து நீவிவிடுவார்கள். சாதாரணக் குரக்களிக்கு அது சரி. எங்களுக்கு வருவது குரக்களியே அல்ல, சக்தி தீர்ந்துபோய் விரியவே முடியாமல் நிற்கிற தசை. அதை இழுத்தால் இன்னும் கிழியும். அப்படியே வைத்து, தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும், சில சமயம் மணிக்கணக்காகும். இதையும் கிளம்பும் முன்பே கூட்டத்தில் சொல்லி வையுங்கள், அந்த வலியில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதும் கூடாது. டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் வகைகள் தசை உடைந்திருக்கிற நேரத்தில் சிறுநீரகத்துக்குக் கேடு.

என் முதல் பயணத்தின் பெரிய தவறு, சிறுநீரைப் பார்க்காதது. தசை உடைந்தால் அதில் உள்ள மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வரும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். இரவில் காட்டுக்குள் இருட்டில் சிறுநீர் கழித்ததால் எனக்கு நிறம் தெரியவே இல்லை, உடம்பு வலிதானே என்று படுத்துவிட்டேன், பம்பைக்கு வந்து வெளிச்சத்தில்தான் பார்த்தேன். அப்போதே கால் வீங்கியிருந்தது. சி.பி.கே. லட்சத்தைத் தாண்டியிருந்தது, நான்கு நாள் குளுகோஸ் பாட்டில் மாதிரி தொங்கவிட்டு சலைன் ஏற்றினார்கள், டயாலிசிஸ் வரை போகாமல் தப்பித்தேன். ஒரு வெள்ளை பாட்டில் எடுத்துப் போங்கள், ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறம் கறுத்தால் அன்றைக்கு நடை முடிந்தது, தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே "மெக்கார்டில், ராப்டோமயோலிசிஸ் சந்தேகம், சி.பி.கே., கிரியாட்டினின், பொட்டாசியம் பாருங்கள்" என்று எழுதிய தாளை நீட்டுங்கள். ராப்டோமயோலிசிஸ் என்றால் இப்படித் தசை உடைந்து ரத்தத்தில் கலப்பதுதான். நான் அதை லேமினேட் செய்து கழுத்தில் மாலையோடு போட்டிருக்கிறேன்.

திரும்ப முடியாத இடம் எது என்று தெரியாமல் போகாதீர்கள். அழுதை வரை வண்டி வரும். அதைத் தாண்டினால் பம்பை வரைக்கும் புலிகள் காப்பகக் காடு, மாலைக்கு மேல் நடக்க வனத்துறை விடுவதில்லை. அதனால் முடிவை அழுதைக் கரையில் எடுங்கள். அதுவரை நடந்ததில் தொடை இரண்டு முறைக்கு மேல் பூட்டியிருந்தால், சிறுநீர் சந்தேகமாக இருந்தால், காய்ச்சல் இருந்தால் அங்கேயே வண்டி ஏறி பம்பைக்குப் போய்விடுங்கள். பம்பையிலிருந்தும் நீலிமலை ஒன்றுதான் வழி என்று இல்லை, சுவாமி ஐயப்பன் ரோடு சற்றுச் சுற்று என்றாலும் சரிவு குறைவு. டோலியும் இருக்கிறது. மூன்றாவது முறை நீலிமலை ஏற்றத்தில், அப்பாச்சி மேட்டில் வலது தொடை சரியில்லை என்று பட்டதும் நான் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு, பத்து நிமிடம் நடப்பது நிற்பது என்று மீதியைக் கடந்தேன். குருசாமி பக்கத்திலேயே நின்றார், அவர் ஒரு முறைகூட நேரம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாலை கழற்றிய பிறகும் மூன்று நாள் சிறுநீரைப் பாருங்கள். சி.பி.கே. உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் நடை முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான்.