கிளினிக் போட்ட பிறகும் படிப்பது எப்படி? வட சென்னை இளம் டாக்டர்களுக்கு ஒரு செய்முறை

ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடிந்தது, கவுன்சிலில் பதிவு செய்தாயிற்று, கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பத்துக்குப் பத்து அறையில் கிளினிக்கும் போட்டாயிற்று. முதல் மூன்று மாதம் ஆள் வரவில்லையே என்று கவலை. அதன் பிறகு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்களே, புத்தகத்தைத் திறக்க நேரமில்லையே என்று கவலை. இந்த இரண்டாவது கவலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் இருந்தவரை ரவுண்ட்ஸில் சீஃப் கேட்பார், மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. சீனியர் திட்டுவார், பக்கத்துக் கட்டில் கேஸைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்வோம். தனியாக உட்கார்ந்த பிறகு நம்மைக் கேள்வி கேட்க ஆளே இல்லை. வரும் காய்ச்சலில் பெரும்பாலானவை தானாகவே இறங்கிவிடும். நாம் எழுதிய மாத்திரையால்தான் இறங்கியது என்று நாமும் நம்புவோம், நோயாளியும் நம்புவார். அந்த நம்பிக்கையிலேயே பத்து வருடம் ஓடிவிடும்.

ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகளே சொல்கின்றன. கணக்குப் போட்டால் மாதத்துக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை ஏதாவது ஒரு ஓட்டல் ஹாலில், ஏதோ ஒரு புது மருந்தைப் பற்றிய ஸ்லைடுகளைப் பார்த்தே கழித்துவிடலாம். ஆனால் நாம் அன்றாடம் நோயாளி பார்க்கும் ஓ.பி.க்கு அதனால் ஒன்றும் மாறாது. உங்களிடம் வந்த நோயாளியிலிருந்து தொடங்குங்கள். நான் செய்துவரும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மேசையில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். இரவு கடைசி நோயாளி போன பிறகு, ஷட்டரை இறக்கும் முன், அன்று உங்களுக்குத் தெரியாமல் போன ஒரு விஷயத்தை ஒரே வரியில் எழுதுங்கள். பெயர், விலாசம் எதுவும் வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, எத்தனையாவது நாள், உங்கள் சந்தேகம், அவ்வளவுதான். "இன்று சந்தேகமே இல்லை" என்று தோன்றுகிற நாளில் கடைசியாக எழுதிய ஐந்து சீட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஆன்டிபயாடிக் எத்தனை பேருக்கு, எதற்காக எழுதினோம் என்று கேட்டாலே ஒரு வரி வந்துவிடும்.

என் நோட்டின் முதல் வரி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் பையன், 26 வயது. டெங்கு. ஐந்தாம் நாள் வந்து, "ஜொரம் வுட்ருச்சு டாக்டரம்மா, நாளைக்கு வேலைக்குப் போலாமா?" என்றான். பிளேட்லெட் 90,000. முந்தின நாளைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதே ரிப்போர்ட்டில் இரண்டு வரி மேலே பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) 40லிருந்து 49க்கு ஏறியிருந்தது. நான் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. வயிறு வலிக்கிறது என்று அவன் சொன்னதற்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் விடியற்காலையில் கை கால் சில்லிட்டு, பிரஷர் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டான். அன்று இரவு நான் எழுதிய வரி: "டெங்குவில் நான் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?"

படி 2: சந்தேகத்தைக் கேள்வியாக்குவது

"டெங்குவைப் பற்றிப் படிக்க வேண்டும்" என்று உட்கார்ந்தால் நாற்பது பக்கம் படித்துவிட்டுத் தூங்கிப்போவோம். கேள்வியில் நான்கு துண்டுகள் இருக்க வேண்டும்: யாருக்கு, என்ன செய்தால், எதற்குப் பதிலாக, என்ன பலன். "ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு, பிளேட்லெட் குறைந்தது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றினால், ஏற்றாமல் கவனிப்பதைவிட ரத்தக்கசிவு குறையுமா?" இப்படி எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்குப் பதிலும் இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், பிளேட்லெட் 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்தும் ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

கூர்மையாகக் கேட்ட ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், எளிமையான ஒரு கேள்வியைத்தான் கையில் எடுத்தது. நெருக்கடியான வீட்டில், சத்தான சாப்பாடு இல்லாமல், அதே மருந்தை ஒரு வருடம் சாப்பிடுகிற நோயாளி, சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் படுத்திருக்கிறவர் அளவுக்குக் குணமாவாரா? ஆவார் என்று 1959இல் முடிவு வந்தது. கூட இருக்கும் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. அதன் பிறகு உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடத் தொடங்கினார்கள்.

படி 3: பதிலை எங்கே தேடுவது

வாட்ஸ்அப் குழுவில் தேடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே பப்பாளி இலைச் சாறும் ஒரு பேராசிரியரின் அருமையான குறிப்பும் ஒரே மாதிரி எழுத்தில்தான் வரும்.

முதலில் நம் நாட்டு வழிகாட்டி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிடும் சிகிச்சைத் தாள்கள் ஒரு நோய்க்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் இருக்கும். பிரிண்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கலாம். டெங்குவுக்கு 2015 தேசிய வழிகாட்டியும், அபாய அறிகுறிகளைத் தொகுத்த உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வெளியீடும் இருக்கின்றன. இவற்றில் கிடைக்காததற்கு மட்டும், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட் போங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரே கேள்வி. மதிய ஓ.பி.க்கும் மாலை ஓ.பி.க்கும் நடுவில் எனக்கு வசதி. தாய்மார்களாக இருக்கும் டாக்டர்களுக்கு வேறு நேரம் அமையலாம்.

என் கேள்விக்குக் கிடைத்த பதிலைச் சுருக்கமாக எழுதுகிறேன். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்குகிறது. ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிவதால் ரத்தம் கெட்டியாகி பி.சி.வி. ஏறும். ஆரம்ப அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு உறுதி. அந்தப் பையனுக்கு 40க்கு 49, அதாவது 22 சதவீதத்துக்கு மேல். கூடவே வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து துவள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. "ஜொரம் வுட்ருச்சு" என்ற வார்த்தையைக் கேட்டால் இப்போது நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.

படி 4: ஆறு பேரைச் சேர்ப்பது

தனியாகப் படித்தால் இரண்டு மாதத்தில் நின்றுவிடும். நடந்தோ ஸ்கூட்டரிலோ பத்து நிமிடத்தில் வரக்கூடிய ஆறு பேர் போதும். எங்கள் குழுவில் தண்டையார்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு சார், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு மேடம், குழந்தை டாக்டர் ஒருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எல்லாரும் உண்டு. லேப் டெக்னீஷியனையும் அவ்வப்போது கூப்பிடுங்கள். டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை முதல் ஐந்து நாளில்தான் அதிகம் பயன்படும், ஏழாம் நாள் அனுப்பிவிட்டு நெகட்டிவ் என்று நிம்மதி அடையக் கூடாது என்பதை எங்களுக்குப் புரியவைத்தவர் அவர்தான்.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இரவு ஒன்பதரை மணி, யாராவது ஒருவர் கிளினிக். டீ, பட்டர் பிஸ்கட். செலவை நாமே பிரித்துக்கொள்கிறோம். "ஏற்பாட்டை நாங்க பாத்துக்கறோம் டாக்டர்" என்று மருந்து கம்பெனி ரெப் கேட்பார், அன்பாகவே கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கம்பெனிகளிடமிருந்து பரிசு, பயணம், விருந்து வாங்கக் கூடாது என்று 2009 திருத்தத்திலிருந்தே விதி இருக்கிறது. அதையும் தாண்டி ஒரு காரணம்: யார் டீ வாங்கிக்கொடுக்கிறார்களோ அவர்கள் பொருளைப் பற்றித்தான் பேச்சு சுற்றும்.

படி 5: ஒரு மாலை வகுப்பு எப்படி இருக்க வேண்டும்

ஒரு கேஸ், ஒரு கேள்வி, ஒரு கைவேலை. ஸ்லைடு தேவையில்லை.

போன வருடம் நடந்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன், இப்படியே நீங்களும் நடத்தலாம். தலைப்பு: துண்டான விரலை எப்படி அனுப்புவது? லேத், கட்டிங் மெஷின், படகு வின்ச் எல்லாம் இருக்கிற பகுதி இது. 1938இல் கல்லூரியான நம் ஸ்டான்லி மருத்துவமனையில், கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு 1971இல் டாக்டர் வெங்கடசாமியால் தொடங்கப்பட்டு நாடு முழுக்கப் பெயர் பெற்றது. அவ்வளவு பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருந்தும், விரல் கெட்டுப்போய் வந்து சேர்ந்தால் என்ன பயன்? காசிமேட்டுப் பக்கம் ஐஸுக்குப் பஞ்சமே இல்லை. அதனாலேயே விரலை நேராக ஐஸ் துண்டுகளுக்குள் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நேரடியாக ஐஸ் பட்டால் திசு உறைந்து செத்துவிடும்.

மேசையில் ஒரு கேரட்டை நறுக்கி வைத்தோம். நார்மல் சலைனில் காஸ் துணியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, கேரட்டைச் சுற்றினோம். அதைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை மூடினோம். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பாத்திரத்தில் வைத்தோம். ஆறு பேரும் ஆளுக்கு ஒரு தடவை செய்தார்கள். ரயில்வே பெரியவர் கவரின் மேல் நேரத்தை எழுதி ஒட்டச் சொன்னார். விரலில் தசை இல்லை, அதனால் குளிரில் பல மணி நேரம் தாங்கும். வெட்டு முழங்கை வரை போனால் துண்டில் தசை நிறைய, அறை வெப்பத்தில் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் கஷ்டம். எனவே எப்போது வெட்டுப்பட்டது என்பது சர்ஜனுக்கு மிக முக்கியம். காயத்தில் ரத்தக்குழாயைத் தேடிக் கட்டக் கூடாது. அழுத்திக் கட்டுப்போட்டு, கையைத் தூக்கி வைத்து, டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு, போன் செய்துவிட்டு அனுப்ப வேண்டும். துண்டான பகுதியில் பீட்டாடைன், ஸ்பிரிட் எதுவும் ஊற்றக் கூடாது.

வகுப்பு 50 நிமிடத்தில் முடிந்தது. மறுநாளே எங்கள் கம்பவுண்டருக்கும் அதே கேரட்டை வைத்துக் காட்டினேன். நான் இல்லாத நேரத்தில் முதலில் கவரை எடுப்பவர் அவர்தான்.

தலைப்புகளை ஊர்தான் தரும். மழை வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல். எண்ணூர் பக்கம் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா கசிந்து மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி வெளியே ஓடி வந்தார்களே, அதன் பிறகு எங்கள் அடுத்த வகுப்பு அதைப் பற்றித்தான்: கண்ணைத் தொடர்ந்து தண்ணீரால் கழுவுவது, குரல் கம்மினாலோ மூச்சில் சத்தம் வந்தாலோ தொண்டை வீங்குகிறது என்று புரிந்துகொண்டு தாமதிக்காமல் அனுப்புவது.

படி 6: மூன்று மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. படித்தது சீட்டில் இறங்கியதா? டெங்கு வகுப்புக்குப் பிறகு நாங்கள் ஆளுக்கு இருபது காய்ச்சல் சீட்டுகளை எடுத்தோம். பி.சி.வி. எழுதியிருக்கிறதா, எத்தனையாவது நாள் என்று குறித்திருக்கிறதா, மறுபடி எப்போது வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோமா? பாதிக்கும் குறைவான சீட்டில்தான் மூன்றும் இருந்தன, அதுவும் வகுப்பு நடத்திய என்னிடமே. வருத்தமாக இருந்தது. பிறகு "நாள் / பி.சி.வி. / மறுவரவு" என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து எல்லாருக்கும் கொடுத்தோம். ஸ்டாம்ப் குத்தியதும் கை தானாக நிரப்புகிறது.

படி 7: கிரெடிட் மணி நேரமும் ஃபைலும்

உங்கள் ஆறு பேர் கூட்டத்துக்குத் தானாகக் கிரெடிட் வராது, அதாவது முதலில் சொன்ன அந்த 30 மணி நேரக் கணக்கில் சேராது. இந்திய மருத்துவச் சங்கத்தின் (ஐ.எம்.ஏ.) கிளை, மருத்துவக் கல்லூரித் துறை போன்ற அமைப்பு முன்கூட்டியே தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்கிய நிகழ்ச்சிக்குத்தான் மணி நேரம் கணக்காகும். எனவே வருடத்துக்கு இரண்டு மூன்று அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். பேச வந்த பேராசிரியரிடம் இடைவேளையில் உங்கள் கேள்வியைக் கேளுங்கள், அவர்களுக்கும் அது பிடிக்கும். வருகைக் கையெழுத்தில் பதிவு எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். சான்றிதழை அன்றே போனில் படம் எடுத்து, வருடவாரியாக ஃபைலில் போடுங்கள். ஐந்தாவது வருடம் டிசம்பரில் தேடக் கூடாது.

வியாசர்பாடியில் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்து 2020இல் காலமான டாக்டர் திருவேங்கடம் ஸ்டான்லி மாணவர். கையில் காசு இல்லாத மக்கள் நம்மை நம்பி வருகிற தெருக்கள் இவை. வேறு டாக்டரிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்க்க அவர்களால் முடியாது. நாளை இரவு ஷட்டர் இறக்கும் முன் முதல் வரியை எழுதுங்கள். நோட்டு பக்கத்துப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்.