தங்க நகையில் ஹால்மார்க் முத்திரையைச் சரிபார்ப்பது எப்படி? முதல்முறை நகை வாங்குபவர்களுக்கு

"இது 916 நகைதாங்க" என்று கடையில் சொன்னதும் நம்மில் பலர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேசுவோம்; நகையைத் திருப்பி உட்பக்கம் என்ன பொறித்திருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் செலவிட மாட்டோம். அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, அதை மீறினால் தண்டனை இருக்கிறது, ஏமாந்தவருக்கு இழப்பீடும் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் நமக்குப் பயன்பட வேண்டுமானால், பணம் கட்டுவதற்கு முன்பே சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் இப்போதுள்ள விதிகளின்படி எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்கிறேன். பக்கத்திலேயே ஒரு நகையை வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் எளிது.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது?

தங்க நகைக்கு ஹால்மார்க், அதாவது தூய்மைக்குச் சான்றான முத்திரை, தரும் திட்டத்தை இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பிஐஎஸ், 2000ஆம் ஆண்டு தொடங்கியது. நீண்ட காலம் அது கடைக்காரரின் விருப்பமாகவே இருந்தது. 2016ஆம் ஆண்டின் பிஐஎஸ் சட்டம்தான் விலைமதிப்புள்ள உலோகங்களுக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதன்கீழ் 2020 ஜனவரியில் ஆணை வந்தது. பலமுறை தள்ளிப்போய், 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. நகையின் தூய்மையைச் சோதித்து முத்திரையிடும் பரிசோதனை மையம் உள்ள மாவட்டங்களாகப் பார்த்துப் பார்த்து அடுத்தடுத்த கட்டங்களில் சேர்த்தார்கள். 2024 நவம்பரில் எண்ணிக்கை 361 ஆனது.

2023 ஏப்ரல் 1 முதல், ஆறு இலக்க எச்யுஐடி எண், அதாவது ஒவ்வொரு நகைக்கும் உரிய தனி அடையாளக் குறியீடு, பொறித்த ஹால்மார்க் நகைகளை மட்டுமே விற்கலாம் என்று விதி மாறியது. பழைய இருப்பைக் கணக்குக் காட்டியிருந்த கடைகளுக்கு மட்டும் சில மாதம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. அதுவும் முடிந்துவிட்டது.

படி 1: மூன்று குறிகளையும் தேடுங்கள்

ஒவ்வொரு கடையிலும் குறைந்தது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூதக்கண்ணாடி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். மோதிரம், வளையல் என்றால் உட்பக்கம் பாருங்கள். சங்கிலியில் பெரும்பாலும் கொக்கிப் பக்கம் உள்ள தட்டையான இடத்தில் இருக்கும். லேசரில் பொறிப்பதால் எழுத்து மிகப் பொடியாக இருக்கும். விளக்கு நேராகப் படும்போது பளபளப்பில் ஒன்றும் தெரியாது. நகையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரியும்.

மூன்று குறிகள் இருக்க வேண்டும்.

ஒன்று, முக்கோண வடிவிலான பிஐஎஸ் சின்னம். இரண்டு, தூய்மை: காரட்டும் எண்ணும் சேர்ந்து '22கே916' என்பதுபோல் இருக்கும். மூன்று, எச்யுஐடி: ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. இந்தக் குறியீடு நகைக்கு நகை வேறு. ஒரே மாதிரி பத்து வளையல் செய்திருந்தாலும் பத்துக்கும் தனித்தனி எண்தான்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நகையில் '916' என்று மட்டும் அடித்திருந்தால் அது ஹால்மார்க் ஆகாது. யார் வேண்டுமானாலும் அச்சு வைத்து அடித்துவிடக்கூடிய எண் அது. 'கேடிஎம்' என்று சொல்லி விற்பதும் அப்படியே. அது காட்மியம் கலந்த பொடி வைத்துப் பற்றவைத்ததைக் குறிக்கும் பேச்சு வழக்கு. தூய்மைக்கான சான்று எதுவும் அதில் இல்லை. காட்மியப் புகை பட்டறையில் வேலை செய்பவர்களின் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், நல்ல தரத்தின் அடையாளமாக அதைச் சொல்வதே தவறு.

கடைச் சுவரில் பிஐஎஸ் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருப்பதும் போதாது. அது கடைக்கு உள்ள தகுதி. உங்கள் கையில் இருக்கும் நகையில் முத்திரை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

படி 2: தூய்மை எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

24 காரட் என்றால் முழுத் தங்கம். 22 காரட்டில் 24 பங்குக்கு 22 பங்கு தங்கம். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916. மற்றவையும் ஏறத்தாழ இப்படித்தான்: 23க்கு 958, 20க்கு 833, 18க்கு 750, 14க்கு 585. 2025 ஜூலையில் 9 காரட்டும், அதாவது 375, இந்த வரிசையில் சேர்ந்தது. 24 காரட்டில் 995, 999 என்று இரண்டு நிலைகள் உண்டு.

ஒரு பவுன், அதாவது 8 கிராம் நகையை எடுத்துக்கொண்டால் 22 காரட்டில் சுமார் 7.33 கிராம் தங்கம் இருக்கும். 18 காரட்டில் சரியாக 6 கிராம். 9 காரட்டில் 3 கிராம்தான். வைரம் பதித்த நகைகள் பெரும்பாலும் 18 காரட்டில் வரும். அதில் தவறில்லை, கல் உறுதியாக நிற்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பில்லில் 18 காரட் விலை போட்டிருக்கிறார்களா, 22 காரட் விலை போட்டிருக்கிறார்களா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று: 916 என்று பொறித்தால் 916 இருக்க வேண்டும். '915 இருக்கு, கிட்டத்தட்ட சரிதானே' என்ற பேச்சுக்கு இடமில்லை. கீழே இறங்க இந்தியத் தரநிலை சலுகை தருவதில்லை.

படி 3: எச்யுஐடி எண்ணைச் செயலியில் போட்டுப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது. கடையில் உட்கார்ந்தபடியே செய்யலாம், காசு எதுவும் இல்லை.

'பிஐஎஸ் கேர்' செயலியை ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் எச்யுஐடி சரிபார்க்கும் பகுதியைத் திறந்து, பூதக்கண்ணாடியில் படித்த ஆறு இலக்கத்தையும் அப்படியே தட்டுங்கள். நகையைப் பதிவு செய்த கடையின் விவரம், பரிசோதித்த மையத்தின் பெயர், நகையின் வகை, தூய்மை, முத்திரையிட்ட தேதி எல்லாம் திரையில் வரும்.

விவரம் வந்தாலே போதும் என்று மூடிவிடாதீர்கள். வந்த விவரத்தையும் கையில் இருக்கும் நகையையும் ஒப்பிடுவதுதான் உண்மையான சோதனை. செயலி மோதிரம் என்று காட்டுகிறது, உங்கள் கையில் இருப்பது சங்கிலி என்றால், ஏதோ ஒரு மோதிரத்தின் நிஜ எண்ணை எடுத்து இதில் பொறித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். நகையில் 22, திரையில் 18 என்றால் அந்த நகையை வாங்காதீர்கள். விற்பவர் பெயர் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். மொத்த வியாபாரியோ தயாரிப்பாளரோ முத்திரை போட்டு வாங்கியிருக்கலாம், அது சாதாரணமாக நடப்பது.

எண்ணைப் போட்டும் விவரம் வரவில்லையா? உடனே சண்டைக்குப் போக வேண்டாம். எழுத்து அவ்வளவு பொடிசு, ஒன்று மாறினாலும் வராது. கடைக்காரரையே படிக்கச் சொல்லி இன்னொரு முறை போடுங்கள். அப்போதும் வராவிட்டால் வேறு நகை பாருங்கள். வந்தால் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எச்யுஐடி தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே பொறுப்பு. பதித்திருக்கும் கல்லின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

படி 4: பில்

முத்திரையைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, 'ஜிஎஸ்டி மிச்சம்' என்று துண்டுச்சீட்டில் கணக்கு எழுதி வாங்கி வருபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நாளைக்குக் குறை தெரியவந்தால், இந்தக் கடையில் இந்த நகையை வாங்கினோம் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?

ஹால்மார்க் நகைக்கான பில்லில் ஒவ்வொரு நகையின் விவரம், நிகர எடை, காரட்டில் தூய்மை, ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கல் வைத்த நகை என்றால் கல் எடையைக் கழித்த பிறகு வருவதுதான் நிகர எடை. அது தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். எச்யுஐடி எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஹால்மார்க் கட்டணம் தங்க நகை ஒன்றுக்கு 45 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. 2022 மார்ச்சில் நிர்ணயித்த தொகை இது. எடைக்கு ஏற்ப இது மாறாது. அரைப் பவுன் மோதிரத்துக்கும் பத்துப் பவுன் ஆரத்துக்கும் ஒன்றே. 'ஹால்மார்க் போட்டதால் கிராமுக்கு இவ்வளவு கூடுதல்' என்று யாராவது சொன்னால், எந்த விதியில் என்று கேளுங்கள்.

எதற்கெல்லாம் முத்திரை கட்டாயமில்லை?

முத்திரை இல்லை என்பதாலேயே ஒரு நகை போலி ஆகிவிடாது. 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு, அதனால் சின்ன மூக்குத்தியில் முத்திரையைத் தேடி ஏமாற வேண்டாம். குந்தன், போல்கி, ஜடாவ் எனப்படும் பாரம்பரியக் கல் பதித்த நகைகள், கைக்கடிகாரம், பேனா, பல் மருத்துவம் போன்றவற்றுக்கான பொருள்கள், ஏற்றுமதிச் சரக்கு ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் சிறு கடைகளுக்கும் கட்டாயம் கிடையாது. தங்கக் காசும் கட்டியும் 2020 ஆணைக்குள் வரவில்லை. விலக்கு உள்ள பொருளை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே நீங்கள் விற்பவரை மட்டுமே நம்புகிறீர்கள் என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.

படி 5: சந்தேகம் வந்தால்

நகையை பிஐஎஸ் அங்கீகரித்த பரிசோதனை மையத்துக்கு நீங்களே கொண்டுபோகலாம். நான்கு நகைகள் வரை 200 ரூபாய்; ஐந்தும் அதற்கு மேலும் என்றால் நகைக்கு 45 ரூபாய். மையங்களின் பட்டியல் அதே செயலியில் இருக்கிறது. கடைகளில் தூய்மை பார்க்க வைத்திருக்கும் எக்ஸ்ரே கதிர் இயந்திரம் மேற்பரப்பை மட்டும் படிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது, சிறிது தங்கத்தைச் சுரண்டி எடுத்து உருக்கிப் பார்க்கும் சோதனை. எந்த இடத்தில் எவ்வளவு எடுப்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்திரையில் உள்ளதைவிடத் தூய்மை குறைவு என்று வந்தால், 2018ஆம் ஆண்டின் பிஐஎஸ் விதிகளில் 49ஆவது விதி உங்களுக்கானது. குறையும் தூய்மையை நகையின் எடைக்குக் கணக்கிட்டு, அந்தத் தொகையைப்போல் இரண்டு மடங்கும் பரிசோதனைச் செலவும் விற்றவர் தர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பவுன் சங்கிலி, 16 கிராம். முத்திரை 916, சோதனையில் வந்தது 880. ஆயிரத்துக்கு 36 குறைவு. 16 கிராமுக்கு 0.576 கிராம் தங்கம் குறைகிறது. சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,760 ரூபாய். இழப்பீடு அதன் இரு மடங்கு, 11,520 ரூபாய். சோதனைக் கட்டணம் தனி.

புகாரை பிஐஎஸ் கேர் செயலியிலேயே பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நகைக்குக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இது உங்கள் இழப்புக்கு. முத்திரை விதியை மீறிய கடைக்குத் தனியாக ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் பொருள் மதிப்பின் ஐந்து மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வீட்டில் இருக்கும் பழைய நகை?

பயப்பட ஒன்றுமில்லை. கட்டாய விதி கடை விற்கும் நகைக்குத்தான். அம்மா, பாட்டி காலத்து நகையை முத்திரை இல்லாமல் வைத்திருக்கலாம், போட்டுக்கொள்ளலாம், கடையில் கொடுத்து மாற்றவும் செய்யலாம். முன்பு நான்கு குறிகளோடு வந்த ஹால்மார்க் நகைகளும் செல்லும். அவற்றில் எச்யுஐடிக்குப் பதிலாகப் பரிசோதனை மையத்தின் குறியும் கடையின் குறியும் இருக்கும். 2017க்கு முந்தையவற்றில் ஆண்டைக் காட்டும் எழுத்தும் இருக்கும்.

மாற்றப் போகும் முன் மையத்தில் சோதித்து அறிக்கை வாங்கிக்கொள்வது நல்லது. 'டச் குறையுது', அதாவது தூய்மை குறைவு, என்று கடையில் சொல்லும்போது காட்ட ஒரு தாள் கையில் இருக்கும்.

வெள்ளிக்கு?

வெள்ளியில் ஹால்மார்க் இன்னும் கட்டாயமாகவில்லை, கடைக்காரரின் விருப்பம்தான். 2025 செப்டம்பர் 1 முதல் முத்திரையிடும் வெள்ளிப் பொருள்களுக்கும் எச்யுஐடி வந்துவிட்டது. கொலுசு, குத்துவிளக்கு வாங்கும்போது ஹால்மார்க் போட்டது இருக்கிறதா என்று கேளுங்கள். பிஐஎஸ் சின்னம், 925 அல்லது 990 போன்ற தூய்மை எண், ஆறு இலக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் மூன்றாம் படியில் சொன்னபடி அதே செயலியில் பார்த்துவிடலாம்.