பில் போடும் கம்ப்யூட்டரிலேயே யார்டு பாதுகாப்பு: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

சென்னையில் செங்குன்றம், மாதவரம், வானகரம் பக்கம் உள்ள ஒரு கட்டுமானப் பொருள் யார்டுக்குள் போய் "பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டுப் பாருங்கள். ஆணியில் தொங்கும் மஞ்சள் ஹெல்மெட்டைக் காட்டுவார்கள். அதன் மேல் சிமெண்ட் தூசி படிந்து கிடக்கும். குறை சொல்லிப் பயனில்லை. தலையில் சும்மாடு வைத்து மூட்டை தூக்குகிறவர் ஹெல்மெட்டை எங்கே மாட்டுவார்?

நான் பாதுகாப்பு அதிகாரி இல்லை, பில் போடுகிறவன். அந்த மேஜையில் பல வருடம் உட்கார்ந்ததில் ஒன்று புரிந்தது. யார்டில் ஆளை அடிப்பது பெரும்பாலும் எடைதான். எந்த எடை எங்கே இருக்கிறது, எப்போது நகர்கிறது என்பதெல்லாம் பில் போடும் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அதனால் தனியாக ஒரு சேஃப்டி ஆப் வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கடையில் பில்லும் கணக்கும் போட ஓடும் டாலி பிரைம் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஃபார்மும் போதும்.

படி 1: காகிதத்தில் யார்டை வரையுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் யார்டை ஒரு சுற்று நடந்து வந்து, எது எங்கே இருக்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள். லோடுமேன்கள் சொல்லும் பெயர்களையே எழுதுங்கள்: "ஷட்டர் பக்க அட்டி" (அட்டி என்றால் அடுக்கி வைத்த குவியல்), "வேப்பமரத்துக் கம்பி" என்று. நாமாக ஏ மண்டலம், பி மண்டலம் என்று பெயர் வைத்தால் அவசரத்தில் ஒருவருக்கும் புரியாது. டிப்பர் ரிவர்ஸ் எடுக்கும் பாதையையும், தலைக்கு மேல் போகும் மின்கம்பியையும் சிவப்பு மையில் குறியுங்கள்.

படி 2: ஒவ்வொரு அட்டியும் டாலியில் ஒரு குடோன்

சரக்கு இருக்கும் இடத்தை டாலி 'குடோன்' என்கிறது. டாலி பிரைமில் எஃப்11 அழுத்தி, பல குடோன்கள் வைத்துக்கொள்ளும் வசதியை ஆன் செய்யுங்கள். பிறகு கிரியேட் பகுதிக்குப் போய், காகிதத்தில் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகக் குடோனாகச் சேருங்கள். இனி சரக்கு வரவு பதியும்போதும் விற்பனை பதியும்போதும் எந்தக் குடோன் என்று டாலி கேட்கும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். "எல்லாம் ஒரே யார்டுதானே" என்று முதலாளியும் சொல்வார். விடாதீர்கள்.

அடுத்தது வரம்பு. கட்டுமானப் பொருள்களை எப்படி அடுக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 4082 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. சிமெண்ட் அட்டி 10 மூட்டை உயரத்தைத் தாண்டக்கூடாது. அகலம் நான்கு மூட்டை நீளம் அல்லது 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 8 மூட்டைக்கு மேல் போனால் ஒரு வரிசை நீளவாக்கிலும் அடுத்த வரிசை குறுக்குவாக்கிலும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் பலகை, சுவரிலிருந்து 60 செ.மீ. இடைவெளி. பத்து என்ற கணக்கு, அடி மூட்டை அழுத்தத்தில் கட்டி தட்டாமல் இருக்கச் சொன்னது. அட்டி சரியாமல் இருக்கவும் அதுவே நல்ல அளவு.

இப்போது கணக்குப் போடுங்கள். தரையில் 40 மூட்டை பிடிக்கும் இடம் என்றால் உச்சம் 400 மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ வீதம் 20 டன். ஒரு ஆள் நடந்து போகும் சந்துக்குப் பக்கத்தில் 20 டன் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!

இந்த வரம்பு டாலிக்குத் தெரியாது. 600 மூட்டை என்று பதிந்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். அதற்கு நான் செய்வது, வரம்பைப் பெயரிலேயே ஒட்டிவிடுவது: "ஷட்டர் பக்க அட்டி - 400 வரை". தினமும் காலையில் லாரி வரும் முன் குடோன் வாரியான இருப்பு அறிக்கையைத் திறந்தால், பெயரில் உள்ள எண்ணும் இருப்பும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். தாண்டினால் புது லோடை வேறு இடத்தில் இறக்கச் சொல்லலாம்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. தாழ்வான இடத்தில் 20 செ.மீ. பலகை எந்த மூலைக்கு? அக்டோபர் பிறந்ததும் அந்தக் குடோன்களின் பெயரில் உள்ள வரம்பைக் குறைத்து, சரக்கை மேட்டுக்கு மாற்றுங்கள். அடி மூட்டை நனைந்து கிழிந்தால் மேலே இருப்பதெல்லாம் சாயும்.

படி 3: பில்லில் ஆள் கணக்கு

கம்பி எடைக்கு நாம் போடும் சூத்திரம் தெரியும்தானே? விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கம் செய்து 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் கம்பியில் 12 எம்எம் என்றால் சுமார் 10.7 கிலோ, 16 எம்எம் என்றால் 19 கிலோ, 25 எம்எம் என்றால் 46 கிலோ. இதை விலை போட மட்டும் பயன்படுத்திவிட்டு விடுகிறோம். 25 எம்எம் பில்லானால், நரேஷன் என்ற குறிப்பு எழுதும் இடத்தில் "ஒரு கம்பிக்கு 2 பேர், முனையில் சிவப்புத் துணி" என்று எழுதி, அது அச்சில் வருகிறதா என்று பாருங்கள். லோடு ஏற்றுபவர் கைக்கு அந்தச் சீட்டு போகிறது. பாதுகாப்புப் பலகையைவிட பில்லை எல்லோரும் படிப்பார்கள்.

படி 4: கையுறையும் சரக்குதான்

கையுறை, தூசி மாஸ்க், கம்பூட், கண்ணாடி எல்லாவற்றையும் டாலியில் ஸ்டாக் ஐட்டமாகச் சேருங்கள். கொடுக்கும்போது ஸ்டாக் ஜர்னல் என்ற சரக்குப் பதிவில் செலவாகக் காட்டி, யாருக்கு என்று நரேஷனில் எழுதுங்கள். ரீஆர்டர் லெவல் (இருப்பு இவ்வளவுக்குக் குறைந்தால் மறுபடி வாங்க வேண்டும் என்ற அளவு) வைத்தால் தீரும் முன் தெரிந்துவிடும். ஒருவர் மாதத்துக்கு ஆறு ஜோடி கையுறை வாங்கினால் திட்டாதீர்கள். அவர் கையாளும் கம்பிக் கட்டில் முனை பிசிறாக இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

படி 5: "தப்பிச்ச கணக்கு" ஃபார்ம்

அடிபட்டதை எல்லோரும் பேசுவார்கள், தப்பித்ததை டீயோடு மறந்துவிடுவார்கள். எங்கள் யார்டில் ஒரு முறை டிப்பர் பின்னால் வந்தபோது, லோடுமேன் ஒருவர் செருப்பை விட்டுவிட்டுக் குதித்துத் தப்பினார். செருப்பு சக்கரத்துக்கு அடியில். அன்று முழுக்கச் சிரித்தோம், எதையும் மாற்றவில்லை. அந்த இடத்தில் பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடி மாட்ட இன்னும் இரண்டு செருப்பு தேவைப்பட்டது.

கூகுள் ஃபார்மில் நான்கே கேள்வி போதும்: எங்கே, என்ன நடந்தது, யாருக்காவது அடியா, உடனே என்ன செய்தீர்கள். "யார் தவறு" என்ற கேள்வி வேண்டாம். அது இருந்தால் ஒருவரும் எழுத மாட்டார்கள். பீகார், ஒடிசா, வங்கத்துத் தோழர்கள் வேலை செய்யும் இடம் என்றால், பதில்களுக்குப் பக்கத்தில் படம் சேருங்கள். சரியும் மூட்டை, பின்னால் வரும் லாரி, கண்ணில் தூசி என்று பார்த்ததும் தொடலாம்.

ஒரு சிக்கல்: போட்டோ பதிவேற்றும் கேள்வி வைத்தால், ஜிமெயிலில் உள்நுழையச் சொல்லும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். போட்டோவை சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மின் பதில்கள் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் மின்னஞ்சல் வரும்படி செய்துவிடுங்கள். கியூஆர் கோடை அச்சடித்துத் தண்ணீர்ப் பானைக்கு மேலே ஒட்டுங்கள். வாசலில் ஒட்டினால் யாரும் நிற்க மாட்டார்கள்.

அதன் பக்கத்திலேயே இன்னொரு தாள்: 108, பிறகு "சிமெண்ட் கண்ணில் பட்டால் கசக்காதே, சுத்தத் தண்ணீரில் 20 நிமிடம் கழுவு, எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போ". சிமெண்ட் ஈரத்தோடு சேர்ந்தால் கண்ணை அரிக்கும் காரமாக (ஆல்கலி) மாறும், அதனால்தான் அவ்வளவு நேரம் கழுவச் சொல்வது. தாமதிக்கக்கூடாது.

படி 6: தேதிகள்

தீயணைப்பான் ரீஃபில், ஜேசிபி சர்வீஸ், லாரி எஃப்சி (தகுதிச் சான்று). கூகுள் ஷீட்டில் ஒரு நெடுவரிசை தேதி, கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் (நிபந்தனைப்படி நிறம் மாற்றும் வசதி) இன்றைக்கு முந்தைய தேதி என்றால் சிவப்பு. அவ்வளவுதான்.

அப்புறம், சனிக்கிழமை கூலி பட்டுவாடாவுக்கு முன் பத்து நிமிடம் அந்த வாரத்தின் பதில்களைச் சத்தமாகப் படியுங்கள். எல்லோரும் இருக்கும் நேரம் அதுதான். ஷீட்டில் "சரி செய்தாச்சா?" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, முதலாளி கையாலேயே நிரப்பச் செய்யுங்கள். மாதம் முழுக்க ஒரு பதிலும் வரவில்லையா? கியூஆர் தாள் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிழியாமல் இருந்தால், போன முறை எழுதியவரை யார் திட்டினார்கள் என்று விசாரியுங்கள்.