தளம் இழுக்கிறதா? சர்வரை மாற்றும் முன் திருத்த வேண்டிய தவறுகள்

சின்னத் தளம் ஒன்று மெதுவாகத் தொடங்கியதும் பலரும் முதலில் கை வைப்பது ஹோஸ்டிங் திட்டத்தில்தான். அடுத்த விலையில் இருக்கும் திட்டத்துக்கு மாறுகிறார்கள். சில வாரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் பழைய கதைதான். பணம் போனதே தவிர, ஒரு பக்கம் திறக்க ஏன் நான்கு வினாடி ஆகிறது என்பது கடைசிவரை தெரியவில்லை.

சில ஆயிரம் கட்டுரைகள் உள்ள வேர்ட்பிரஸ் தளமோ, சில லட்சம் பதிவுகள் உள்ள கருத்துக்களமோ டேட்டாபேஸுக்கு மிகச் சின்ன சுமை. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டுமே இதைவிடப் பல மடங்கைத் தாங்கக்கூடியவை. அப்படியும் தளம் திணறினால், பெரும்பாலும் ஒன்றிரண்டு குவெரிகளோ (தளம் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்) பொருந்தாத ஓர் அமைப்போதான் காரணமாக இருக்கும். அதைத் தேடிப் பிடிக்காமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பதுதான் நடக்கும் தவறுகளிலேயே பெரியது.

அளந்து பார்க்காமல் இறங்குவது

பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை ஒருமுறை ரீலோடு செய்யுங்கள். முதல் வரியில் இருப்பது பக்கத்தின் எச்டிஎம்எல். அதன் முதல் பைட் வர எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். 200 மில்லிவினாடிக்குள் வந்துவிட்டால் சர்வர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது; கனமான படங்களும் எழுத்துருக்களும் விளம்பர ஸ்கிரிப்டுகளும்தான் பக்கத்தை இழுக்கின்றன. அந்த நிலையில் டேட்டாபேஸை என்ன செய்தாலும் பலன் இருக்காது.

இரண்டு வினாடி ஆகிறதா? சரி, அதே சர்வரில் உள்ள ஒரு சின்னப் படத்தின் முகவரியைத் தனியாகத் திறந்து பாருங்கள். படம் சட்டென்று வந்து, பக்கம் மட்டும் தாமதமானால் சிக்கல் பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி நிரலிலோ டேட்டாபேஸிலோ இருக்கிறது. படமும் தாமதமானால் நெட்வொர்க்கையும் சர்வரின் மொத்தச் சுமையையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை, ஆனால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது ஸ்லோ குவெரி லாக், அதாவது மெதுவான குவெரிகளைப் பதிந்துவைக்கும் கோப்பு. மைஎஸ்க்யூஎல்லில் இது இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்கினாலும், எத்தனை வினாடிக்கு மேல் போனால் பதிய வேண்டும் என்ற இயல்பு மதிப்பு 10. சின்னத் தளத்தில் 10 வினாடி ஓடும் குவெரி அபூர்வம் என்பதால் லாக் காலியாகவே கிடக்கும். "டேட்டாபேஸில் ஒன்றும் இல்லை" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். அதை 1 வினாடிக்குக் கொண்டுவாருங்கள், பிறகு அரை வினாடிக்கு. லாக்கைப் படிக்கும்போது ஒரு குவெரி எவ்வளவு நேரம் ஓடியது என்பதோடு எத்தனை தடவை ஓடியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை 8 வினாடி ஓடும் அறிக்கையால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் 0.6 வினாடி தின்னும் குவெரிதான் தளத்தைக் கொல்கிறது. பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இந்த லாக்கைத் தொட விடமாட்டார்கள். அங்கே வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் குவெரி மானிட்டர் பிளகினைப் போட்டுப் பார்க்கலாம். எந்தப் பிளகின் எத்தனை குவெரி போடுகிறது என்று பெயரோடு காட்டிவிடும்.

இன்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் உதவவில்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய லாபம் இங்கேதான் கிடைக்கிறது. கருத்துக்களத்தின் ஒரு பிரிவைத் திறக்கும்போது டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வி ஏறக்குறைய இதுதான்: 7-ஆம் பிரிவில் உள்ள தலைப்புகளில், கடைசியாகப் பதில் வந்த நேரப்படி புதிய 25-ஐக் கொடு. பிரிவு எண்ணுக்கு இன்டெக்ஸ் (வரிசைகளை விரைவாகத் தேடிப் பிடிக்க உதவும் அடுக்கிய பட்டியல்) இருக்கிறது. அப்படியும் மெதுவாக இருக்கிறது. ஏன்?

குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் என்று சேர்த்து ஓட்டினால் விடை தெரியும். வரிசைகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் 40,000 என்று இருக்கும்; கடைசிப் புலத்தில் 'யூசிங் ஃபைல்சார்ட்' என்று இருக்கும். அதாவது, 7-ஆம் பிரிவின் 40,000 தலைப்புகளையும் எடுத்து, நேரப்படி அடுக்கி, 25-ஐ வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுகிறது. யாராவது அந்தப் பிரிவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதே வேலை. பிரிவு எண், கடைசிப் பதில் நேரம் என்ற இரண்டு புலங்களையும் இந்த வரிசையிலேயே சேர்த்து ஒரே இன்டெக்ஸாகப் போட்டால், டேட்டாபேஸ் நேராக அந்தப் பிரிவின் கடைசி முனைக்குப் போய் 25 வரிசைகளை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். அடுக்கும் வேலையே கிடையாது. இரண்டு புலங்களுக்கும் தனித்தனியாக இரண்டு இன்டெக்ஸ் போட்டால் இந்தப் பலன் வராது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

இன்டெக்ஸ் இருந்தும் வீணாகும் வேறு சந்தர்ப்பங்களும் உண்டு. தேதிப் புலத்தின் மேல் ஆண்டைப் பிரிக்கும் ஃபங்ஷனைப் போட்டு 2023-உடன் ஒப்பிட்டால், அந்தப் புலத்தின் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது. 2023 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 1-க்கு முன்புவரை என்று வரம்பாக எழுதினால் பயன்படும். சொல்லின் முன்னாலும் பின்னாலும் சதவீதக் குறி போட்டு 'லைக்' என்ற குவெரிச் சொல் மூலம் தேடினால் முழு அட்டவணையையும் படித்தாக வேண்டும். வேர்ட்பிரஸின் உள்தேடல் இப்படித்தான் இயங்குகிறது. பதிவுகள் பெருகியபின் சொற்களை வைத்துத் தேட உதவும் ஃபுல்டெக்ஸ்ட் இன்டெக்ஸுக்கோ தனித் தேடல் மென்பொருளுக்கோ மாறுவது நல்லது. பதிவுகளின் கூடுதல் விவரங்களை வைக்கும் வேர்ட்பிரஸின் போஸ்ட்மெட்டா அட்டவணையில் மெட்டா பெயருக்கு இன்டெக்ஸ் உண்டு, மதிப்புக்குக் கிடையாது. நிகழ்ச்சித் தேதி, விலை, மதிப்பெண் என எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிட்டு, அந்த மதிப்பை வைத்து வடிகட்டும் பக்கங்களைக் கட்டினால் அவை மெதுவாகத்தான் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் புலத்துக்கும் இன்டெக்ஸ் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு புதிய பதிவு வரும்போதும் அத்தனை இன்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும், அவை ரேமிலும் இடம் பிடிக்கும்.

பக்கம் பிரிப்பதையும் சொல்லிவிட வேண்டும். 4,000-ஆவது பக்கத்தைக் கேட்டால், இத்தனை வரிசையைத் தாண்டிக் கொடு என்று கேட்கும் ஆஃப்செட் முறையில் டேட்டாபேஸ் முந்தைய 1,00,000 வரிசைகளையும் படித்துத் தாண்டிப் போகிறது. மனிதர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. தானாகப் பக்கங்களைத் திறந்து படிக்கும் நிரல்களான பாட்கள் (bots) போகும், இரவு பகலாகப் போகும். கூட்டமே இல்லாத நேரத்தில் சர்வர் ஏன் மூச்சு வாங்குகிறது என்று குழம்புபவர்கள், யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று பதியும் அக்சஸ் லாக்கைத் திறந்து பார்த்தால் போதும். தேடல் பக்கத்தையும், ஒரே பட்டியலை விதவிதமாக அடுக்கிக் காட்டும் முகவரிகளையும் ரோபாட்ஸ் கோப்பில் தடுத்துவையுங்கள். அதை மதிக்காத பாட்களுக்கு வெப் சர்வரிலேயே வேக வரம்பு போடுங்கள்.

ரேமைக் கூட்டிப் பார்க்காத கணக்கு

விபிஎஸ்ஸுக்கு (தனக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) மாறியவர்களை அதிகம் வாட்டுவது இது. தளம் திடீரென்று 'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்கிறது. மைஎஸ்க்யூஎல்லை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. இரண்டு நாளில் திரும்பவும் அதே செய்தி. டேட்டாபேஸ்தான் கோளாறு என்று முடிவு செய்து, அதிகபட்ச இணைப்பு எண்ணிக்கையை இயல்பான 151-இலிருந்து 500-க்கு ஏற்றுகிறார்கள். நிலைமை இன்னும் மோசமாகிறது.

நடந்தது என்ன என்று பார்ப்போம். சர்வரில் 2 ஜிபி ரேம். பிஎச்பி நிரல்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் ஒரே நேரத்தில் 50 பிராசஸ் வரை போகலாம் என்று அமைத்திருக்கிறது. ஒன்றுக்கு 60 எம்பி வைத்தாலும் 3 ஜிபி ஆகிறது, இருப்பதே 2. கூட்டம் வந்து அத்தனையும் எழும்பும்போது ரேம் தீர்ந்துபோகிறது. உடனே லினக்ஸ் கெர்னல் எதையாவது கொன்று இடம் தேடுகிறது, பெரும்பாலும் அதிக ரேம் வைத்திருக்கும் பிராசஸைத்தான். அது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல். கெர்னல் லாக்கில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம்: டேட்டாபேஸ் தானாகச் சாகவில்லை.

கணக்கை இப்படிப் போடுங்கள். இயங்குதளத்துக்கும் வெப் சர்வருக்கும் 400 எம்பி. மைஎஸ்க்யூஎல்லுக்கு மொத்தம் 700 எம்பி; அதில் இன்னோடிபி பஃபர் பூல் (அட்டவணைத் தரவை ரேமில் வைத்திருக்கும் பகுதி) 512. மீதி ஏறக்குறைய 900 எம்பி. அதை 60-ஆல் வகுத்தால் 15. பிஎச்பி பிராசஸ் வரம்பு அவ்வளவுதான். 16-ஆவது ஆள் சில நூறு மில்லிவினாடி வரிசையில் நிற்பார். தளம் உயிரோடு இருக்கும்.

பஃபர் பூலின் இயல்பு அளவு 128 எம்பிதான். டேட்டாபேஸ் 600 எம்பி இருந்து, பூல் 128-லேயே கிடந்தால் ஓயாமல் டிஸ்கைத் தேடி ஓட வேண்டியிருக்கும். அதைக் கூட்டுவது சரிதான். ஆனால் ரேமில் 80 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று எங்கும் காணப்படும் ஆலோசனை, டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய சர்வருக்கானது. பிஎச்பியும் வெப் சர்வரும் கூடவே குடியிருக்கும் இடத்தில் அதைச் செய்யக் கூடாது. இன்னொன்று, பழைய கையேடுகளில் பார்த்து குவெரி கேஷ் (குவெரி விடைகளைச் சேமித்துவைக்கும் வசதி) வரிகளைக் கான்ஃபிக் கோப்பில் ஒட்டாதீர்கள். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் குவெரி கேஷையே நீக்கிவிட்டார்கள். அந்த வரிகள் இருந்தால் சர்வர் எழும்பவே எழும்பாது.

பழைய அட்டவணைகளை அப்படியே சுமப்பது

இன்னோடிபி இயல்பு என்ஜினாக (அட்டவணைகளைச் சேமித்துக் கையாளும் பகுதி) வந்தது 2010-இல், மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பில். அதற்கு முன் தொடங்கிய கருத்துக்களங்கள் பலவற்றில் அட்டவணைகள் இன்னமும் மைஐசாம் என்ற பழைய என்ஜின் வகையிலேயே இருக்கும். சர்வர் மாறினாலும், பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்கும்போது பழைய என்ஜின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. மைஐசாமில் ஒருவர் எழுதும்போது முழு அட்டவணையும் பூட்டப்படும். ஒருவர் நீண்ட தேடல் ஒன்றை ஓட்டுகிறார். அதே நேரம் 'பார்வைகள்' எண்ணிக்கையை ஒன்று கூட்ட ஓர் அப்டேட் வருகிறது. அது தேடல் முடியக் காத்திருக்கிறது. அதன் பின்னால் வந்த சாதாரண வாசிப்புகளும் அதற்காகக் காத்திருக்கின்றன. முழுத் தளமும் உறைகிறது. இன்னோடிபி வரிசை அளவிலேயே பூட்டுவதால் இந்த நெரிசல் வருவதில்லை. பேக்கப் எடுத்துவிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் ஒவ்வோர் அட்டவணையாக மாற்றினால் போதும். ஃபுல்டெக்ஸ்ட் தேடல் போய்விடுமே என்ற பயம் 5.6 பதிப்போடு தீர்ந்துவிட்டது.

வேர்ட்பிரஸில் இதே அளவுக்குக் கண்டுகொள்ளாமல் விடப்படுவது தள அமைப்புகளை வைக்கும் ஆப்ஷன்ஸ் அட்டவணை. ஆட்டோலோடு என்று குறிக்கப்பட்ட எல்லா மதிப்புகளும் ஒவ்வொரு கோரிக்கையிலும் மொத்தமாக ஏற்றப்படும். நீக்கிய பிளகின்கள் விட்டுப்போன குப்பையும் அதில் சேர்ந்தே வரும். வேர்ட்பிரஸ் 6.6-இலிருந்து, இது 800 கேபியைத் தாண்டினால் சைட் ஹெல்த் பக்கமே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடாதீர்கள். ரிவிஷன்களுக்கும் (ஒரு பதிவின் பழைய வடிவங்கள்) இயல்பாக வரம்பு கிடையாது. ஒரு பதிவுக்கு 5 அல்லது 10 போதும் என்று அமைத்துவிடலாம்.

கேஷ் போட்டுவிட்டோம் என்ற நிம்மதி

பேஜ் கேஷ் (உருவாக்கிய பக்கத்தைச் சேமித்துவைத்து அப்படியே கொடுப்பது) நல்லதுதான், நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் அது உதவுவது லாகின் செய்யாமல் வருபவர்களுக்கு மட்டும். கருத்துக்களத்தில் உண்மையில் எழுதும் ஆட்கள் எல்லாரும் லாகின் செய்தவர்கள்; தேடலும் நிர்வாகப் பக்கமும் கேஷுக்கு வெளியே. தளத்தை உயிரோடு வைத்திருக்கும் உறுப்பினர்கள்தான் மெதுவான பக்கத்தைப் பார்க்கிறார்கள். உரிமையாளர் லாகின் செய்யாமல் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் பறக்கிறது என்று நினைக்கிறார். இது நியாயமே இல்லை. அந்த உறுப்பினர்களுக்கு உதவுவது ரெடிஸ் போன்ற ஆப்ஜெக்ட் கேஷும் (குவெரி விடைகளை ரேமில் வைத்திருப்பது), மேலே சொன்ன இன்டெக்ஸ் வேலையும்தான். வருகிற எல்லாருக்கும் செஷன் குக்கி வைக்கும் ஒரு பிளகின் இருந்தால் பேஜ் கேஷ் ஒருவருக்குமே கிடைக்காமல் போகலாம் என்பதால், ரெஸ்பான்ஸ் ஹெடரில் கேஷ் உண்மையில் 'ஹிட்' ஆகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். இரண்டு கேஷ் பிளகின்களை ஒன்றாகப் போடாதீர்கள்.

டேட்டாபேஸைத் தொலைவில் வைப்பதும் இதே மாதிரி கண்ணுக்குத் தெரியாத செலவு. வெப் சர்வருக்கும் அதற்கும் இடையே போய்வர 20 மில்லிவினாடி ஆகிறது, ஒரு பக்கத்துக்கு 60 குவெரி போகிறது என்றால், குவெரிகள் நேரமே எடுக்காமல் முடிந்தாலும் பயணத்துக்கே 1.2 வினாடி. இரண்டும் ஒரே டேட்டா சென்டரில் இருக்கட்டும்.

பேக்கப்பிலும் இரண்டு தவறுகள் வேகத்தையே பாதிக்கின்றன. உச்ச நேரத்தில் டம்ப் (முழு டேட்டாபேஸின் நகல்) எடுப்பது ஒன்று. இன்னோடிபி அட்டவணைகளை சிங்கிள் டிரான்சாக்‌ஷன் விருப்பம் இல்லாமல் எடுத்து, புதிதாக எதையும் எழுத முடியாமல் பூட்டிவைப்பது இன்னொன்று. எடுத்த கோப்பை அதே சர்வரில் வைத்துவிட்டால் டிஸ்க் நிறையும். டிஸ்க் நிறைந்தால் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்கும். அந்த டிஸ்க் போனால் பத்து வருடம் மக்கள் எழுதியதும் சேர்ந்து போகும். வேறு இடத்துக்கு அனுப்புங்கள், அவ்வப்போது ஒரு சோதனை டேட்டாபேஸில் மீட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் பெரிய சர்வர் உண்மையிலேயே தேவைப்படலாம். அதற்கும் அடையாளங்கள் உண்டு. ஸ்லோ லாக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் சிபியு நாள் முழுக்க உச்சத்தில் இருக்கிறது. பஃபர் பூலுக்கு ஒதுக்க ரேம் மிச்சமில்லை, டிஸ்க் வாசிப்பு குறையவே இல்லை. டாப் கட்டளையில் 'ஸ்டீல்' என்ற சதவீதம் விடாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. அதாவது அதே இயந்திரத்தில் உள்ள மற்றவர்கள் உங்கள் சிபியு நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டுக்கும் அதிக கோர், அதிக ரேம் வாங்குங்கள். மூன்றாவதற்கு அதே நிறுவனத்தில் பெரிய திட்டம் வாங்கிப் பயன் இருக்காது; வேறு இயந்திரத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், முடியாது என்றால் இடம் மாறுங்கள்.