எடை கூடியவருக்குப் படுக்கைப் புண் வராமல் பார்ப்பது எப்படி?

“நல்ல சதைப்பிடிப்பான உடம்பு, எலும்பு குத்தாது” என்று நம்பிவிடாதீர்கள். கொழுப்புத் திசுவுக்கு ரத்த ஓட்டம் குறைவு; புண் வந்தால் ஆறவும் நாளாகும். அதோடு, நாம் பார்க்காத இடங்களில் வரும்.

முதல் வேலை, மடிப்புகளைத் திறந்து பார்ப்பது. தினமும் உடம்பு துடைக்கும்போது மார்பின் அடி, தொங்கும் வயிற்றின் அடி, தொடை இடுக்கு, முதுகு மடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு கையால் மடிப்பைத் தூக்கி, மறு கையால் மெல்லிய காட்டன் துணியை வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பவுடர் கொட்டினால் வியர்வையில் கட்டிதட்டி அதுவே உரசும். யூரின் டியூப் மடிப்புக்குள் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். டியூப் அழுந்திய இடத்தில் அதன் தடத்திலேயே புண் வரும்.

சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து, பிறகு சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நிறம் மாறவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது; டாக்டரிடம் சொல்லுங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையால் தொட்டு, சுற்றியிருப்பதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது.

அப்புறம், திருப்பிப் படுக்க வைப்பது. பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. தனியாளாக இழுக்காதீர்கள், இழுத்தால் தோல் விரிப்போடு நின்றுவிடும், உள்சதை மட்டும் நகரும், உள்ளே ரத்தக்குழாய் நசுங்கும். பழைய வேட்டியை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து, இருபுறமும் ஆள் நின்று விளிம்பைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், 30 டிகிரி சாய்வு போதும். முதுகுக்கு ஒரு தலையணை, பக்கவாட்டில் சரியும் வயிற்றுக்கு இன்னொன்று. கெண்டைக்காலுக்கு அடியிலும் ஒன்று வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. சாப்பிடும் நேரம் தவிர, தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தாதீர்கள்; உடம்பு கீழே சறுக்கும்.

ஏர் பெட் வாங்கும்போது அது எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். போட்டபின் இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். உடம்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை, அல்லது அந்த பெட் இவருக்குப் பத்தாது.

சாப்பாட்டைக் குறைத்து இளைக்க வைக்க இது நேரமில்லை. முட்டை, பருப்பு, மீன் தினமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.