குடல் கற்றுத்தரும் ருசி: வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு ருசி பிடித்துப்போவதை நாக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. சாப்பிட்டபின் குடலுக்குச் சத்து வந்து சேர்ந்ததா என்று மூளை கவனிக்கிறது. வந்திருந்தால், சற்றுமுன் வாயில் இருந்த ருசியோடு அதை முடிச்சுப் போடுகிறது. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஆந்தனி ஸ்க்லஃபானி இதை எலிகளிடம் காட்டினார். ருசி சேர்த்த தண்ணீரை எலி குடிக்கும்போதே மாவுச்சத்துக் கரைசல் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் போனது. நாக்கில் அது படவே இல்லை. ஆனாலும் எலிகள் பிறகு அந்த ருசியையே விரும்பிக் குடித்தன. மனிதர்களிடம் விளைவு சிறியது, அதனால் செய்முறையில் கறாராக இருக்க வேண்டும்.

தேவை: இதுவரை குடித்தே இராத இரண்டு மூலிகைத் தேநீர், மால்டோடெக்ஸ்ட்ரின் பவுடர் (மாவுச்சத்திலிருந்து செய்யப்படுவது), சமையல் தராசு. சர்க்கரை வேண்டாம். போட்டால், பிடித்தது இனிப்பாலா சத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தப் பவுடரில் இனிப்பு மிகக் குறைவு. ஆனால் இரத்தச் சர்க்கரையை மளமளவென ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் இதைச் செய்யவே கூடாது.

1. பவுடர் சேர்க்காமல் இரண்டையும் இரண்டு மடக்கு ருசித்து, 0 முதல் 100 வரை மதிப்பெண் எழுதி வையுங்கள்.

2. சீட்டுப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் மட்டும் 300 மில்லிக்கு 40 கிராம் பவுடர், அதாவது சுமார் 150 கலோரி.

3. ஒருநாள் இது, மறுநாள் அது என்று 10 நாள் குடியுங்கள். கடைசியாகச் சாப்பிட்டு 4 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். குடித்தபின் ஒரு மணி நேரம் வேறெதுவும் வேண்டாம். சாப்பிட்டால் எந்தச் சத்து எதிலிருந்து வந்தது என்பது குழம்பிவிடும்.

4. 11ஆம் நாள், அதே பசியில், இரண்டையும் பவுடர் இல்லாமல் ருசித்து மறுபடி மதிப்பெண் போட்டு, முதல் நாள் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். பவுடர் சேர்த்த தேநீரின் மதிப்பெண் மற்றதைவிட அதிகம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வித்தியாசமே தெரியவில்லையா? பசி போதாமல் இருந்திருக்கலாம். வயிறு நிறைந்திருப்பவருக்கு 150 கலோரி ஒரு பொருட்டே அல்ல. பழகிய ருசியும் சரிவராது. பலமுறை குடித்து ஒன்றும் நேராத ருசியோடு புதிய முடிச்சு எளிதில் விழாது.

உடம்பு சரியில்லாத நாளில் நிறுத்திவிடுங்கள். கதிர்வீச்சால் நோயுற்ற எலிகள் அப்போது குடித்த சாக்கரின் (செயற்கை இனிப்பு) தண்ணீரைப் பிறகு ஒதுக்கியதை அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா 1955இலேயே காட்டினார். குமட்டல் மணிக்கணக்கில் தாமதித்து வந்தாலும் பழி ருசியின் மேல்தான் விழும், அதுவும் ஒரே தடவையில். அப்படி நேர்ந்தால் அந்த ஜோடியை விட்டுவிட்டு, புதிய இரண்டு தேநீருடன் முதலிலிருந்து தொடங்குங்கள்.