பாரிமுனையை நடப்பவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், இந்தத் தவறுகள் வேண்டாம்

சென்னைப் பாரிமுனையில் உள்ள என்.எஸ்.சி. போஸ் சாலையை நடப்பவர்களுக்காகச் சீரமைக்கும் பேச்சு வரும்போதெல்லாம், ‘பாண்டி பஜார் மாதிரி பண்ணிடலாம்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தி.நகரில் 2019இல் திறந்த நடைபாதை வளாகம் நல்ல வேலைதான். ஆனால் பாண்டி பஜாரில் நடப்பவர் கையில் துணிப்பை இருக்கும். பாரிமுனையில் நடப்பவர் தலையில் மூட்டை இருக்கும். இதை மறந்துவிட்டு வரைபடம் போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன.

ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி, நயினியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனமும் மருந்தும். எல்லாம் மொத்த வியாபாரம். லாரி நுழையாத சந்துகளில் சரக்கைச் சேர்ப்பது கைவண்டியும் மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டியும்தான். காகிதக் கட்டு ஏற்றிய ஒரு கைவண்டியைக் கொஞ்ச நேரம் பின்தொடர்ந்து பாருங்கள். முன்னால் ஒருவர் இழுப்பார், பின்னால் ஒருவர் தள்ளுவார். நடைபாதை விளிம்பு வந்ததும் சக்கரம் முட்டி நிற்கும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நடுரோட்டிலேயே கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, தோளில் சுமந்து கடைக்குள் கொண்டுபோவார். அதற்குள் பின்னால் பத்து ஹாரன் கேட்டுவிடும். அந்த விளிம்பைத் தெருமுனைகளில் சரிவாக இறக்கிவிட்டால் வண்டி ஏறும். சக்கர நாற்காலியும் ஏறும், முட்டிவலிக்காரப் பாட்டியும் ஏறுவார்.

சாலைகளுக்கு அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, நடைபாதையில் தடையே இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. 1.8 என்பது எந்தத் தெருவுக்கும் பொருந்தும் குறைந்தபட்ச அளவு. எதிரும் புதிருமாக மூட்டைக்காரர்கள் நடக்கும் இடத்தில் அது போதவே போதாது. ஆனால் டெண்டரில் குறைந்தபட்சமே அளவாகிவிடுகிறது. அந்த 1.8க்குள்ளேயே மின்பெட்டி, விளக்குக் கம்பம், விளம்பரப் பலகை எல்லாம் வந்து நிற்கின்றன.

அடுத்தது, ஞாயிற்றுக்கிழமையில் சோதித்துப் பார்ப்பது. போக்குவரத்தை நிறுத்த வசதி என்று அந்த நாளைத்தான் பிடிப்பார்கள். ஞாயிறன்று மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சரக்கு வராது, நீதிமன்றமும் கிடையாது. அன்று எடுத்த கணக்கை வைத்துத் தெருவை வடிவமைத்தால் திங்கள்கிழமை காலையே குட்டு வெளிப்பட்டுவிடும். செவ்வாயில் அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்கு வரும் கூட்டம், வெள்ளியில் தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில், கிருத்திகைக்குக் கந்தகோட்டம், தீபாவளிக்கு முந்தைய வாரம், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன். இந்த நாள்களிலும் எண்ண வேண்டும். அப்போதுதான் பாரிமுனையின் கூட்டம் எவ்வளவு என்று தெரியும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நடப்பவரை மட்டும் மனிதராக எண்ணி, நிற்பவரை இடைஞ்சல் என்று நினைப்பது.

பாரிமுனையில் சும்மா நிற்பவர் யாரும் இல்லை. பூ விற்பவர், பழச்சாறு போடுபவர், தண்டையார்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், கூலிக்காகத் தலைத்துணியோடு நிற்பவர், சாயங்காலம் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுபவர். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969இல் ராஜாஜி சாலை ஓரத்தில் அமைந்ததுதான் பர்மா பஜார். அதை ஓர் ஊர்க்காரர்களின் பிழைப்பு என்று பார்க்காமல் ஆக்கிரமிப்பு என்று மட்டும் பார்த்தால் வடசென்னையைப் புரிந்துகொள்ளவே முடியாது.

விரட்டிப் பார்த்தும் பலன் இருந்ததில்லை. 1996இல் கோயம்பேட்டில் பெரிய சந்தை கட்டிக் கொடுத்த பிறகும் பத்ரியன் தெருவில் பூ வியாபாரம் நின்றுவிடவில்லை. வாங்குகிறவர் இங்கே இருக்கிறார், விற்கிறவர் வந்துதானே ஆக வேண்டும்? 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமும் இதைத்தான் ஒப்புக்கொள்கிறது. முதலில் கணக்கெடுப்பு, அப்புறம் சான்றிதழ். இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, வரைபடம் முடிந்த பிறகு வியாபாரிகளைக் கூப்பிட்டு ‘கருத்துக் கேட்பு’ நடத்துவது அநியாயம்.

நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. 2009இல் அங்கே பிராட்வே சாலையின் சில பகுதிகளில் வண்டி வராமல் தடுத்துவிட்டு, கல்லோ சிமென்டோ போடாமல், பெயின்ட் அடித்து மடக்கு நாற்காலிகளைப் போட்டுப் பார்த்தார்கள். அது சரிப்பட்ட பிறகே நிரந்தரத் தளம் வந்தது. கொஞ்ச காலத்தில் வேடம் போட்டுப் படமெடுக்கக் காசு கேட்பவர்களால் தகராறு. 2015இல் சதுக்கத்தையே எடுத்துவிட்டு மறுபடி வண்டி விடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. கடைசியில் 2016இல் தரையிலேயே கோடு போட்டு, தொழில் செய்பவர்கள் நிற்க ஓர் இடம், நடப்பவர்களுக்குத் தனி வழி என்று பிரித்தார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கோடுதான். கடைச் சுவரை ஒட்டி நடக்கும் வழி, அதற்கப்புறம் வியாபாரிக்கு அளந்து கொடுத்த இடம், அதற்கப்புறம் பஸ்ஸுக்கு நிற்கும் இடம். முதலில் பெயின்ட் அடித்துப் பார்க்கலாம். தப்பானால் அழித்துவிட்டு வேறு இடத்தில் போடலாம். பதித்த கிரானைட்டை அப்படிச் செய்ய முடியாது.

காரோடு சேர்த்துப் பஸ்ஸையும் வெளியே தள்ளும் திட்டங்கள் எனக்குப் பயத்தைத் தருகின்றன. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் போகிறவர்கள்தான் இங்கே அதிகம் நடப்பவர்கள். நிறுத்தத்தை அரை கிலோமீட்டர் தள்ளிவைத்தால் அவர்களுக்கு நடைபாதை வந்ததில் என்ன லாபம்? கார் வராமல் தடுங்கள், பஸ் வரட்டும். உயர் நீதிமன்ற மெட்ரோ வாசலிலிருந்தும் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்தும் பஸ்ஸுக்குப் போகும் பாதையில் சுரங்கப்பாதையை மட்டுமே நம்பவும் கூடாது. சுமையோடு இருப்பவர் படி இறங்க மாட்டார், ரோட்டில்தான் குறுக்கே ஓடுவார். தரைமட்டத்தில் சிக்னலோடு கடக்க வழி வேண்டும்.

பைக் ஏறாமலிருக்க இரும்புத் தூண் நடுவது தனிக் கதை. சக்கர நாற்காலி போகிற இடைவெளியில் ஸ்கூட்டரும் போகும். அதைத் தடுக்க இடைவெளியைக் குறைத்தால் நாற்காலி நின்றுவிடும். பைக்குக்குப் பக்கத்திலேயே வேறு நிறுத்துமிடம் காட்டாதவரை தூணால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தூண்களில் சில கழற்றக்கூடியவையாகவும் இருக்க வேண்டும். புரட்டாசியில் திருப்பதி திருக்குடைகள் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு யானைக்கவுனியைத் தாண்டிப் போகும் நாளில் தெரு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அலங்கார வளைவும் தாழத் தொங்கும் விளக்கும் அந்த வழியில் கூடாது. ரசாயனக் கடைகள் உள்ள தெருக்களில் தீயணைப்பு வண்டிக்கும் அதே வழிதான்.

நிழலும் கழிப்பறையும் இல்லாமல் ‘வளாகம்’ என்று பெயர் வைக்காதீர்கள். காலையில் கடை போட்டு இரவு வரை உட்காரும் பூக்காரப் பெண்களிடம் போய்க் கேளுங்கள், எது முதலில் வேண்டும் என்று. புங்கனும் பூவரசும் இந்த மண்ணில் நன்றாக வரும். குழியைச் சுற்றி சிமென்ட் பூசி மூச்சை அடைக்காமல் விட்டால் போதும்.

கடைசியாக மழை. பளபளப்பான கல் படத்துக்கு அழகு. ஈரமானால் மூட்டைக்காரர் சறுக்குவார். சொரசொரப்பான கல்தான் வேண்டும். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் கடை வாசல் பள்ளமாகி, வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். நடைபாதைக்கு அடியில் ஓடும் வடிகாலின் மூடிகள் மேல் கல் பதித்து மறைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்புறம் தூர் வார வருபவர் புதுக் கல்லை உடைத்துத்தான் மூடியைத் தேடுவார். வடிகாலைப் பார்க்கும் பொறியாளர் எல்லா மூடிகளையும் குறித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கல் பதிக்கும் ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாக வேண்டும். அதையும் அக்டோபருக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.